ஓடையும் நடைபாலமும்: எடுத்த படத்தைக் காப்பது எப்படி?

சங்கராபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலையில் மேகம், பெரியார் போன்ற அருவிகளும் பல ஓடைகளும் உள்ளன. மொபைலுடன் ஓடையோரம் நடப்பவர்கள் ஐம்பது படமாவது எடுக்காமல் திரும்புவதில்லை. சரியாக வராத படங்களைக் கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாம் என்றும் நினைக்கிறோம். ஆனால் படத்தில் இல்லாததைக் கம்ப்யூட்டரால் மீட்டுத் தர முடியாது.

வெளுத்துப்போகும் தண்ணீர்

சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரையான எண்களாகப் பதிவாகிறது. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. வெயில் படும் நுரை முழுவதும் 255 ஆகிவிட்டால், அங்கே இருந்த நீரோட்டத்தின் கோடுகள் படத்தில் இருக்காது. நிழல் பகுதியில் எண்கள் சிறியவை என்றாலும் வித்தியாசம் இருக்கும். அதை ஓரளவு வெளிச்சமாக்கலாம். எனவே திரையில் நுரையின் மேல் தொடவும். பல மொபைல்களில் சூரியன் போன்ற அடையாளம் தோன்றும். அதைச் சற்றுக் கீழே இழுத்து, வெளிச்சத்தைக் குறைத்துப் படம் எடுக்கவும்.

பாலம் அதிரும்

தண்ணீர் பட்டுத்துணி போலத் தெரிய வேண்டுமானால், புரோ மோடில் ஷட்டர் நேரத்தை 1/4 நொடி அளவில் வைக்கவும். அந்த நேரத்தில் மொபைல் அசையக் கூடாது. நடைபாலத்தில் யாராவது நடந்தாலே அது அதிரும். ஆகவே கரையில் உள்ள காய்ந்த பாறை மீது மொபைலைச் சாய்த்து வைத்து, 2 நொடி டைமரில் எடுக்கவும். மலையில் மழை பெய்தால் ஓடையில் திடீரென வெள்ளம் வரும். அப்போது இறங்க வேண்டாம்.

நான் செய்த தவறு

கல்லூரி நாட்களில் அப்பாவுடன் மலைக்குச் சென்றேன். ஓடை மேல் இருந்த சிறு நடைபாலத்தில் அவர் சிரித்தபடி நின்றதைப் படம் எடுத்தேன். மெயிலில் அனுப்ப அதை 640 × 480 ஆகச் சுருக்கி, அதே பெயரில் சேவ் செய்தேன். மெமரி கார்டையும் பார்மட் செய்துவிட்டேன். பின்னர் பெரிதாக்கி பிரேம் போட விரும்பியபோதுதான் தவறு புரிந்தது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 640 புள்ளிகள் 2 அங்குலத்திற்குச் சற்றே அதிகம். அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி. மீண்டும் அங்கே அழைத்துப் போக முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மொபைலைக் கேபிள் மூலம் இணைத்து, பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். டிசிஐஎம் போல்டரில் உள்ள படங்களைக் காப்பி செய்யவும். கட் செய்ய வேண்டாம்; பாதியில் கேபிள் கழன்றால் சிக்கல்.

2. தேதியும் ஊரும் சேர்த்து போல்டருக்குப் பெயரிடவும்.

3. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி வைக்கவும். இரண்டையும் திறந்து பார்த்த பின்னரே மொபைலில் அழிக்கவும்.

4. சிறிதாக்க வேண்டுமா? படத்தை பெயிண்ட் புரோகிராமில் திறந்தவுடன் சேவ் ஆஸ் கொடுத்து வேறு பெயர் தரவும். அதன் பிறகே ரீசைஸ் செய்யவும்.

ஒரிஜினல் படம் பிலிம் நெகட்டிவ் போன்றது. அதில் கை வைக்காதீர்கள்.