ஆறு சிலிண்டர், ரெண்டு குழாய்: பழைய டாட்சனுக்குப் புது சைலன்சர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் எடுத்துவிட்டேன்.)

போன எபிசோட்ல டாட்சன் 240-இசட் பற்றிப் பேசினேன். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "இந்த மாதிரி பழைய ஆறு சிலிண்டர் வண்டியில சைலன்சரை மாத்தினா எவ்வளவு பவர் கூடும்?" புல்லட்டுக்கு சைலன்சர் மாத்தின அனுபவம் பேசுது, புரியுது. நேரா பதில் சொல்லிடறேன். எஞ்சின்ல வேற எதையும் தொடாம இதை மட்டும் மாத்தினா பவர் கொஞ்சம்தான் கூடும். சத்தம் நிறைய மாறும். கவனம் இல்லாம மாத்தினா வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறவங்க சுவாசிக்கிற காத்தும் மாறும். கடைசி விஷயத்துக்குத்தான் இன்னிக்கு அதிக நேரம் எடுத்துக்கப்போறேன்.

வண்டியைத் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. 1969 கடைசியில ஜப்பான்ல ஃபேர்லேடி இசட் என்ற பேர்ல வந்தது, அமெரிக்காவுல 240-இசட்னு வித்தாங்க. 2,393 சிசி, வரிசையா ஆறு சிலிண்டர், ரெண்டு எஸ்யூ வகை கார்புரேட்டர். விளம்பரத்துல 151 குதிரைத்திறன்னு இருக்கும். அது அந்தக் காலத்து 'கிராஸ்' கணக்கு. எஞ்சினை வெளியே எடுத்து, வண்டியோட சைலன்சர் இல்லாம சோதனை மேடையில வச்சு அளந்தது. ரோட்டுல அவ்வளவு வராது. என் நண்பன் ஒருத்தன் கலிபோர்னியாவுல, சான் ஹோசே பக்கம், 1972 மாடல் ஒண்ணு வச்சிருக்கான். அந்த வண்டிக்குக் கீழ நான் படுத்துக் கிடந்த சில வார இறுதிகள்ல பார்த்ததைத்தான் இங்க சொல்றேன்.

ஆறு சிலிண்டரும் ஒரே நேரத்துல வெடிக்காதுன்னு தெரியும். டாட்சன்ல வரிசை 1-5-3-6-2-4. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள ஆறும் ஒவ்வொரு தடவை வெடிச்சு முடிச்சிடும், அதாவது 120 டிகிரிக்கு ஒரு வெடி. இப்ப அந்த வரிசையை இன்னொரு தடவை பாருங்க. 1 முன்பக்கம், 5 பின்பக்கம், 3 முன்பக்கம், 6 பின்பக்கம், 2 முன்பக்கம், 4 பின்பக்கம். முன்னாடி மூணும் பின்னாடி மூணும் மாறி மாறி வருது. ஆறு சிலிண்டர் எஞ்சின்னு சொல்றோமே, எக்ஸாஸ்ட் கண்ணோட்டத்துல அது ரெண்டு மூணு-சிலிண்டர் எஞ்சின். முன் மூணை ஒரு குழாயிலும் பின் மூணை இன்னொரு குழாயிலும் சேர்த்தா, ஒவ்வொரு குழாய்க்கும் 240 டிகிரிக்கு ஒரு தடவைதான் புகை வரும்.

அந்த 240 ஏன் முக்கியம்? சாதாரண ரோடு வண்டியில எக்ஸாஸ்ட் வால்வு ஏறக்குறைய 250 டிகிரிக்குத் திறந்திருக்கும். ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளி முடிக்கிற நேரத்துலதான் அதே குழாயில அடுத்தது ஆரம்பிக்குது. ஒருத்தர் மூச்சு அடுத்தவர் முகத்துல அடிக்காது. ஆறையும் ஒரே பெட்டி மாதிரி மேனிஃபோல்ட்ல கொட்டினா, எந்த நேரமும் ரெண்டு வால்வு திறந்திருக்கும். ஒண்ணு புகையை இழுத்து வெளியே அனுப்பப் பார்க்கும், இன்னொண்ணு அதுக்குள்ளயே திருப்பி ஊதும். 1961-ல வந்த ஜாகுவார் ஈ-டைப்புக்குக் கீழ குனிஞ்சு பாருங்க: முன் மூணுக்கு ஒரு மேனிஃபோல்ட், பின் மூணுக்கு ஒண்ணு, அதுல இருந்து ரெண்டு குழாய் தனித்தனியா இறங்கும். அழகுக்காகன்னு நினைக்கிறவங்க உண்டு. காரணம் இந்த 240 டிகிரி கணக்கு.

ஹெடர் விக்கிறவங்க 'டியூன்டு லெங்த்'னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அது சும்மா இல்லை. வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில ஓடுது. சூடான புகையில அதன் வேகம் நொடிக்கு 500 மீட்டருக்கு மேல. குழாய் அகலமாகிற இடம் வந்ததும் அந்த அலை உறிஞ்சுகிற அலையா மாறித் திரும்பி வருது. சரியான நேரத்துல வால்வுக்குத் திரும்பிச்சுன்னா மிச்சப் புகையையும் இழுத்துட்டுப் போயிடும். 5,000 ஆர்பிஎம்ல 120 டிகிரி கடக்க 4 மில்லி செகண்ட் ஆகும். அதுக்குள்ள அலை ரெண்டு மீட்டருக்கு மேல ஓடும், போகவர்றதைக் கணக்குல எடுத்தா ஒரு மீட்டர் சொச்சம் குழாய். 2,500 ஆர்பிஎம்ல அதே வேலைக்கு ரெண்டு மடங்கு நீளம் வேணும். ஆக, எந்த ஹெடரும் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. ரேஸ் ட்ராக்குக்காகச் செஞ்ச ஹெடர், சிக்னல் சிக்னலா நின்னு போற வண்டியில சும்மா சத்தம் போட்டுட்டு இருக்கும்.

குழாய் விட்டம் பற்றி எல்லாருக்கும் ஒரு ஆசை உண்டு. பெருசா போட்டா நல்லதுன்னு. 2 இன்ச் குழாயை 3 இன்ச் ஆக்கினா விட்டம் ஒன்றரை மடங்குதான், ஆனா உள்பரப்பு 2.25 மடங்கு. அதே அளவு புகை அந்த இடத்துல மெதுவாப் போகும், சீக்கிரம் ஆறும். வேகமா ஓடுற புகைக்குத்தான் பின்னாடி வர்றதை இழுக்கிற பலம் இருக்கு. ஸ்டாக் 2.4 லிட்டருக்கு 2.25 இன்ச், ஆசைப்பட்டா 2.5 இன்ச் வரைக்கும். அதுக்கு மேல டர்போ வச்சவங்களும் எஞ்சினைப் பெருசாக்கினவங்களும் பார்த்துக்கட்டும்.

என் அபிப்பிராயம் கேட்டா, எஞ்சின் ஸ்டாக்கா இருந்தா வார்ப்பு இரும்பு மேனிஃபோல்ட்டைக் கழட்டவே வேண்டாம். பார்க்க அசிங்கமா இருக்கும், கனமா இருக்கும். ஆனா லேசுல விரிசல் விடாது, சத்தத்தை அடக்கும், முக்கியமா ஹெட்டோட ஒழுங்கா உட்காரும். காசை அதுக்குப் பின்னாடி இருக்கிற குழாயிலயும் சைலன்சர்லயும் போடுங்க.

அந்த 'ஒழுங்கா உட்காரும்' விஷயத்துக்கு வர்றேன். இந்த எஞ்சின்ல காத்து உள்ள போற வழியும் புகை வெளிய வர்ற வழியும் ஹெட்டோட ஒரே பக்கம். மேல இன்டேக் மேனிஃபோல்ட், கீழ எக்ஸாஸ்ட், ரெண்டுக்கும் ஒரே கேஸ்கெட். சில நட்டுகளுக்குக் கீழ இருக்கிற தடிமனான வாஷர் ரெண்டு ஃபிளாஞ்சையும் சேர்த்து அமுக்கும். ஹெடரோட ஃபிளாஞ்ச் இன்டேக் ஃபிளாஞ்சைவிட ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மெலிசா இருந்தா வாஷர் சாஞ்சு நிக்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அமுக்கம் ஒரு பக்கம்தான் விழும், இன்னொரு பக்கம் கசியும். தடிமன் வித்தியாசத்துக்குப் படி வெட்டின வாஷர் போடணும், இல்லன்னா தடிமனா இருக்கிற ஃபிளாஞ்சை லேத்துக் கடையில கொடுத்து சமமாக்கணும். இன்னொண்ணு, 240-இசட் ஹெட்ல எக்ஸாஸ்ட் வாய் சதுரம். பின்னால வந்த சில ஹெட்கள்ல வட்டம். ஹெடர் வாங்கறதுக்கு முன்னாடி எது இருக்குன்னு பாருங்க.

நண்பன் வண்டியில ஒரு கடைக்காரர் ஹெடர், புதுக் குழாய், புது சைலன்சர் எல்லாம் மாத்திக் கொடுத்தார். சத்தம் அருமை. அடுத்த மாசத்துல இருந்து அவன் மனைவி சொல்ல ஆரம்பிச்சாங்க, "உன் கார்ல ஏறினாலே எனக்குத் தலைவலி." இவன், "பழைய வண்டின்னா பெட்ரோல் வாசனை அடிக்கத்தான் செய்யும், கண்ணாடியை இறக்கிக்கோ"ன்னு சொல்லிட்டு இருந்தான். கண்ணாடியை இறக்கினா இன்னும் அதிகமாச்சு. ஆறு மாசம் கழிச்சு, அந்த வண்டியில இனி ஏறவே மாட்டேன்னு சொல்லிட்டாங்க.

தலைவலிக்குக் காரணம் பெட்ரோல் வாசனை இல்லை. இந்த வண்டியோட பின்பக்கம் சரிஞ்சு சட்டுனு முடியும். ஓடும்போது அதுக்குப் பின்னாடி காத்தழுத்தம் குறைஞ்சு, புகை அங்கேயே சுழலும். டிக்கி கதவு ரப்பர், டெயில் லைட் கேஸ்கெட், ஃப்ளோர்ல இருக்கிற ரப்பர் மூடிகள் எல்லாம் 50 வருஷப் பழசு. ஓடற வண்டியில பக்கக் கண்ணாடியை இறக்கினா காத்து உள்ள வருதுன்னு நினைக்கிறோம். நிஜத்துல வண்டிக்குள்ள அழுத்தம் குறையுது, பின்பக்கத்து ஓட்டைகள் வழியா புகை உள்ள இழுபடுது. போதாததுக்கு அந்தக் கடைக்காரர் வால் குழாயை பம்பருக்கு உள்ளேயே முடிச்சிருந்தார்.

1972 வண்டியில கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடையாது. ஐடிலிங்ல புகையில ஒண்ணுல இருந்து மூணு சதவீதம் வரைக்கும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது சகஜம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். முதல் அறிகுறி சாதாரணத் தலைவலிதான். அப்புறம் தூக்கம் மாதிரி ஒரு மந்தம். ஸ்டியரிங் பிடிச்சிருக்கிறவருக்கு அது வந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வீட்டுல மாட்டுற அலாரத்தை வண்டியில வச்சு நிம்மதியா இருக்காதீங்க. அமெரிக்கத் தரப்படி அது 70 பிபிஎம்ல ஒரு மணி நேரமாவது ஆனாத்தான் கத்தும். சின்ன விமானம் ஓட்டுற பைலட்டுகள் வச்சுக்கிற மாதிரி, குறைஞ்ச அளவையும் எண்ணுல காட்டுற மீட்டர் வாங்கணும். நண்பன் வாங்கினான். கண்ணாடியை ஏத்திட்டு ஓட்டினப்ப எண் அசையல. இறக்கினதும் ஏற ஆரம்பிச்சுது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

கசிவைத் தேட ஒரு சுலபமான வழி இருக்கு. எஞ்சின் நல்லா ஆறியிருக்கும்போது, வேக்குவம் கிளீனரோட ஊதற பக்கத்தை வால் குழாயில துணி சுத்திச் சொருகுங்க. அப்புறம் மேனிஃபோல்ட்ல இருந்து ஒவ்வொரு இணைப்பா சோப்புத் தண்ணி தெளிச்சுட்டு வாங்க. குமிழ் வந்தா கசிவு. ஊதுபத்தி காட்டிப் பார்க்கலாமேன்னு ஒருத்தர் யோசனை சொன்னார். கார்புரேட்டருக்குப் பக்கத்துல நெருப்பா? வேண்டவே வேண்டாம். டிக்கி ரப்பருக்கு ஒரு காகிதத்தை வச்சு மூடி இழுத்துப் பாருங்க, லேசா வந்துட்டா அந்த இடத்துல ரப்பர் போச்சு. ராத்திரி வண்டிக்குள்ள டார்ச் வச்சுட்டு வெளியே இருந்து பார்த்தா டெயில் லைட் ஓரத்து ஓட்டை தெரிஞ்சிடும். நாங்க மூணையும் செஞ்சோம். ரப்பர், கேஸ்கெட் எல்லாம் புதுசு போட்டு, வால் குழாயை பம்பரைத் தாண்டி நீட்டினோம். இப்ப கண்ணாடி இறக்கினாலும் மீட்டர் சும்மா இருக்கு. அவங்க மறுபடி ஏறினாங்க, மீட்டரைத் தன் மடியில வச்சுக்கிட்டுத்தான்.

கசிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. மேனிஃபோல்ட்ல ஓட்டை இருந்தா அலைகளுக்கு நடுவுல வெளிக்காத்தையும் உள்ள இழுக்கும். ஆக்சிஜன் சென்சார் வச்சு டியூன் பண்றவர் பெட்ரோல் பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்துவார். கார்பன் மோனாக்சைடு இன்னும் கூடும். அதனால முதல்ல கசிவு, அப்புறம்தான் கார்புரேட்டர்.

சத்தம் பற்றிக் கொஞ்சம். ஆறு சிலிண்டருக்கு ஒரு சுத்துக்கு மூணு வெடி. 2,000 ஆர்பிஎம்ல நொடிக்கு 100. அந்த 100 ஹெர்ட்ஸ் ஹம்முதான் ஹைவேயில காதுக்குள்ள குடையும், இந்த வண்டியோட திறந்த பின்பக்கம் ஒரு டிரம் மாதிரி வேற வேலை செய்யும். பெரிய சைலன்சர்தான் முதல் மருந்து. அதுக்கும் அடங்கலைன்னா பிரதான குழாயில இருந்து பக்கவாட்டுல, முனை மூடின ஒரு குழாய் வைக்கலாம். பின்பக்கத்துல புகை ஆறி 200 டிகிரி அளவுல இருக்கும்னு வச்சுக்கிட்டா 1.1 மீட்டர் நீளம் வரும், அந்த ஒரு ஒலியை மட்டும் அது தின்னுடும். முன் மூணு, பின் மூணு குழாய்களைக் கடைசி வரைக்கும் சேர்க்காம விட்டா சத்தம் கரகரன்னு இருக்கும். சேர்த்தாத்தான் அந்தப் பட்டு மாதிரி ஒலி வரும். கலிபோர்னியாவுல 1975-க்கும் அதுக்கு முந்தின மாடல்களுக்கும் புகைச் சோதனை கிடையாது, ஆனா கார் சத்தத்துக்கு 95 டெசிபல் வரம்பு இருக்கு.

பொருள் என்னன்னு கேட்டா ஸ்டெயின்லெஸ். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி வரும். பக்கத்துத் தெருவுக்குப் போயிட்டு வர்ற வண்டியில அது ஆவியாகாம சைலன்சருக்குள்ளயே தங்கி, சாதா இரும்பை உள்ள இருந்து தின்னும். ஹெடர் மேல துணிப்பட்டை சுத்தறதும் மெல்லிய இரும்புக் குழாய்க்கு அதே கதைதான், ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். கார்புரேட்டருக்குக் கீழ சூடு ஏறாம இருக்கணும்னா செராமிக் பூச்சு, கூடவே பழைய ஹீட் ஷீல்டைத் தூக்கிப் போடாம இருக்கிறது.

எல்லாம் மாட்டின பிறகு ரெண்டு மூணு தடவை எஞ்சின் சூடாகி ஆறட்டும். ஆறின நிலையில மேனிஃபோல்ட் நட்டு எல்லாத்தையும் நடுவுல இருந்து ஓரத்துக்கு மறுபடி இறுக்குங்க. ஹெட் அலுமினியம், மேனிஃபோல்ட் இரும்பு, ரெண்டும் ஒரே அளவு விரியாது, ஓரத்து ஸ்டட்தான் முதல்ல உடையும். அடுத்த எபிசோட்ல எஸ்யூ கார்புரேட்டரோட ஊசி, அதுல என்ன மாத்தணும்னு பார்க்கலாம்.