பங்குக் கிணறும் பங்கு மக்களும்



குடிநீரைக் காப்பதற்கு நிதி திரட்டும் நடைபவனிகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. நமது பங்குகளிலும் அத்தகையதொரு முயற்சி பற்றிப் பேச்செழும்போது, "நடந்தால் கிணறு சுத்தமாகிவிடுமா, சுவாமி?" என்று வினவுவோர் உளர். நியாயமான வினாதான். மடு அன்னையின் திருத்தலத்துக்குக் கால்நடையாகச் செல்லும் மரபில் வளர்ந்த நமக்கு, நடை ஒரு செபம் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பணத்துக்காக நடப்பது நமக்குச் சற்றுக் கூச்சத்தைத் தருகின்றது.

கனடாவின் ஆதிக்குடிகளுள் ஒன்றான அனிசினாபே இனத்தைச் சேர்ந்த ஜோசஃபின் மண்டாமின் என்னும் மூதாட்டியை இங்கு நினைவுகூரலாம். 2003ஆம் ஆண்டு அவர் சில பெண்களுடன் ஒரு செப்பு வாளியில் நீரேந்தி, சுப்பீரியர் பேரேரியைச் சுற்றி நடந்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏனைய நான்கு பேரேரிகளையும் அவ்வாறே சுற்றினார். நதி நிற்பதில்லை, எனவே பகற்பொழுதில் வாளியும் நிற்கலாகாது என்பது அவர்களது நியதி. ஒருவர் களைத்தால் மற்றவர் கையேற்பார். 2019இல் அவர் காலமானார். அவர் நடந்தது நிதிக்காக அன்று. நீரை மறந்துபோன மக்களுக்கு அதனை நினைவூட்டுவதற்காக. நமது நடைபவனிக்கும் இவ்விரண்டாம் நோக்கம் தேவை. அது இல்லாவிடின் ரீசேட்டும் பதாகையுமே மிஞ்சும். நீரைக் காக்கப் புறப்பட்டவர்கள் பிளாஸ்ரிக் போத்தல்களை வீதியோரம் வீசிச் செல்லும் காட்சியும் மிஞ்சும்!

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வற்றாத நதியென்று சொல்ல அங்கு ஒன்றுமில்லை. மாரிமழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி, உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நாம் அள்ளுவது அந்த வில்லையிலிருந்தே. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலெழும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். மழையை விரைந்து உள்வாங்கும் அதே வெடிப்புகள், நாம் நிலத்தில் ஊற்றும் எதனையும் விரைந்து உள்வாங்குகின்றன என்பதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி நம் எல்லோரையும் உலுக்கியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அங்கு மின் உற்பத்தி செய்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு பெரிது. ஆயினும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கு மணக்கும்; குற்றவாளியை நோக்கி விரல் நீட்டவும் இயலும். நைத்திரேற்று அப்படியன்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்டால், புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். வெங்காயத் தோட்டத்துக்கு நாம் அள்ளிக் கொட்டும் உரத்திலிருந்தும், நமது வளவின் மலசலகூடக் குழியிலிருந்தும் அது கிணற்றைச் சென்றடைகின்றது. இங்கே விரலை யாரை நோக்கி நீட்டுவது?

நமது பழைய காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பங்குக் கிணறு என்பது நம் முன்னோர் கண்ட ஓர் ஒழுங்கு. பின்னர் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் காணி துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கிணறு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி. என் குழி உங்கள் கிணற்றுக்கு அருகில். உங்கள் குழி என் கிணற்றுக்கு அருகில். இடையில் எழுந்து நிற்கும் மதிலோ நிலத்துக்குக் கீழே எதையும் தடுப்பதில்லை.

அந்தப் பழைய ஒழுங்கைப் புகழும்போது ஒன்றை மறைத்தல் தகாது. பங்குக் கிணற்றில் எல்லோருக்கும் பங்கிருக்கவில்லை. சாதியின் பெயரால் கிணற்றைத் தொட மறுக்கப்பட்டு, பிறர் அள்ளி ஊற்றும்வரை பாத்திரத்துடன் காத்து நின்ற சகோதரர்கள் நம்மிடையே இருந்தார்கள். யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டபோது அவள் திகைத்தது இத்தகைய தீட்டை முன்னிட்டே. தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை குடும்பமாக வாசியுங்கள். ஆபிரகாமின் காலத்தில் தோண்டப்பட்ட கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்தனர். மகன் ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். புதிதாகத் தோண்டிய இரண்டு கிணறுகளுக்கும் பிறர் உரிமை கோரிச் சண்டையிட்டபோது, அவர் விலகிச் சென்று வேறொன்றைத் தோண்டினார். பொறாமையால் தூர்க்கப்பட்ட கிணற்றை மண்வெட்டியால் மீட்கலாம். கவனமின்மையால் கெட்ட நீரை அவ்வாறு மீட்க இயலாது. ஈசாக்கைப் போல் விலகிச் சென்று வேறொன்றைத் தோண்டவும் நம்மிடம் நிலமில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீரை அடிப்படை மனித உரிமை என்றே அறிவித்தார். உரிமை என்றால் அதற்குக் கடமைப்பட்டவரும் உண்டு. அரசும் பிரதேச சபையும் செய்யவேண்டியதை நடைபவனி நிதியால் ஈடுசெய்ய முடியாது, ஈடுசெய்யவும் கூடாது. ஆனால் பரிசோதனைச் செலவுக்கு வழியற்ற குடும்பத்தின் கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்கலாம். உடைந்த கிணற்றுக் கட்டைச் சீமெந்திட்டு உயர்த்தலாம். கசியும் குழியை மூடி, கசியாத தொட்டி அமைக்க ஏழை வீட்டுக்கு உதவலாம்.

எனவே, உங்கள் பங்கில் நடைபவனி அறிவிக்கப்பட்டால் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலிருந்து ஒரு செம்பில் உங்கள் கிணற்று நீரை எடுத்துச் செல்லுங்கள். புறப்படுமுன் உங்கள் கிணற்றுக்கும் குழிக்கும், அயலவரின் குழிக்கும் இடையிலான தூரத்தைப் பிள்ளைகளைக் கொண்டே அளந்து பாருங்கள். திரளும் பணத்தில் முதற்செலவு, கைக்குழந்தை உள்ள வீடுகளின் கிணறுகளைப் பரிசோதிப்பதாக இருக்கட்டும். மாரி முடிந்ததும் ஒருமுறை, கோடையில் இன்னொருமுறை. பெறுபேற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டி, அந்தத் தாய்மாருக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பைப் பங்கின் இளையோர் ஏற்றுக்கொள்ளட்டும்.