ஒரே லீவில் இலங்கையும் மாலத்தீவும்: முதலில் மாதம், பிறகுதான் டிக்கெட்

மும்பையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானத்தில் இரண்டரை மணி நேரம். கொழும்பிலிருந்து மாலே ஒன்றரை மணி நேரம். மாலேயிலிருந்து மும்பை திரும்ப மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். தாதரில் ரயிலேறித் திருநெல்வேலி போய் இறங்கவோ ஒன்றரை நாள் பிடிக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஒரே லீவில் இரண்டு நாட்டையும் பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றுவதில் வியப்பில்லை. பார்க்கலாம்தான். ஆனால் டிராவல் ஏஜென்ட் எடுத்த எடுப்பில் “எத்தனை நாள்?” என்று கேட்பார். அதற்கு முன்னால் முடிவாக வேண்டியது எந்த மாதம் என்பது.

காரணம் மழை. இலங்கைக்கு ஆண்டில் இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கொழும்பு, பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ என்று மேற்கும் தெற்கும் நனையும். கடலில் கால் வைக்க முடியாத அளவுக்கு அலை அடிக்கும். அதே மாதங்களில் திருகோணமலையும் பாசிக்குடாவும் யாழ்ப்பாணமும் வெயிலில் காயும். அக்டோபருக்குப் பிறகு நிலைமை தலைகீழ்: ஜனவரி வரை வடக்கிலும் கிழக்கிலும் மழை, டிசம்பர் பிறந்தால் தெற்குக் கடற்கரை தெளிந்துவிடும். மாலத்தீவில் ஏறக்குறைய டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். மே முதல் மழைக்காலம்.

இதை மும்பைப் பள்ளி விடுமுறைகளோடு பொருத்திப் பாருங்கள். மே மாதம் போகிறவர்கள் இலங்கையின் கிழக்கையும் வடக்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். திருகோணமலையில் கோணேசர் மலையும், அதன் கீழே நீலமாகக் கிடக்கும் கடலும், அருகே நிலாவெளியும் அப்போதுதான் நன்றாக இருக்கும். மாலத்தீவில் மழை விட்டு விட்டுப் பெய்யும், ஸ்பீட்போட் குலுக்கி எடுக்கும், ஆனால் அறை வாடகை இறங்கியிருக்கும். கிறிஸ்துமஸ் லீவில் போகிறவர்களுக்கு இலங்கையின் தெற்கு, பிறகு மாலத்தீவு. வானிலைக்குக் குறை சொல்ல முடியாது. விலைக்குச் சொல்லலாம், மாலத்தீவில் அறை வாடகை உச்சத்தில் இருப்பது புத்தாண்டையொட்டிய வாரங்களில்தான். தீபாவளி லீவில் இந்தப் பயணம் வேண்டாம் என்பது என் கருத்து. அக்டோபர், நவம்பரில் இலங்கையின் எந்தப் பக்கமும் நம்பத்தக்கதல்ல. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தில் மண்சரிவையும் பெருவெள்ளத்தையும் கொண்டுவந்து, நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பறித்தது. ரயில் பாதைகளும் பல இடங்களில் சேதமாயின. கண்டி, நானுஓயா, எல்ல ரயிலுக்காகவே போகிறவர்கள் முழுத் தூரமும் வண்டி ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

மே மாதம் எப்படியும் ஊருக்குப் போகிற குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். கடல் கெட்டால் கப்பல் கிடையாது. ஆகவே மறுநாளே விமானம் பிடிக்கும்படி திட்டம் போட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் நல்லூரைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு இறங்கினால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ஒரு பகல் அதிலேயே போகும். அங்கிருந்து மாலேவுக்கு விமானம். மும்பைக்குத் திரும்புவது மாலேயிலிருந்து நேரே.

நேரே மும்பையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் டிக்கெட் இந்த முக்கோணத்தில் அமைவதே சிக்கனம்: மும்பை–கொழும்பு, கொழும்பு–மாலே, மாலே–மும்பை. கொழும்புக்கே திரும்பி வந்து ஏறினால் அரை நாளும் ஒரு விமானக் கட்டணமும் வீண். வரிசையும் இதுவே இருக்கட்டும். முதலில் அலைச்சல், கடைசியில் ஓய்வு.

சாப்பாட்டு விஷயத்தை மாட்டுங்கா சைவர்கள் கவனிக்க வேண்டும். இலங்கையில் தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் குழம்புகளிலும்கூட மாசி விழுந்திருக்கும். சூரை மீனை அவித்து, புகை காட்டி, கட்டையாகக் காயவைத்த கருவாடு அது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அறிமுகமே வேண்டாம். இடித்துத் தூவிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. “மீன் வேண்டாம்” என்றால் போதாது, “மாசியும் போடக் கூடாது” என்று தனியாகச் சொல்லுங்கள். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் ‘சைவக் கடை’ என்று பலகை போட்ட இடங்களில் இந்தக் கவலை இல்லை. மாசியின் தாயகமே மாலத்தீவு. அங்கே காலைச் சாப்பாடே சூரையும் தேங்காய்த் துருவலும் பிசைந்த மஸ்ஹுனிதான். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் இருக்கட்டும்.

மாலத்தீவு என்றதும் கடல்மேல் நிற்கும் மரவீடு நினைவுக்கு வரும். அது ரிசார்ட் தீவு; ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி. தூரத்து ரிசார்ட்டுகள் பலவற்றுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும், அது இருட்டிய பிறகு பறக்காது. சாயங்காலம் தாமதமாக மாலேயில் இறங்கினால் ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டியதுதான். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு 2009க்குப் பிறகு அனுமதி கிடைத்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு மாலத்தீவு எட்டியது அதன் பிறகே. மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் அரை மணி, முக்கால் மணியில் வரும் மாஃபுஷி அவற்றில் பேர்பெற்றது. இந்தத் தீவுகளில் மது கிடையாது. நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடத்தில் உடம்பை மூடித்தான் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை படகு நேரங்கள் மாறும் அல்லது படகே இருக்காது.

இணையத்தில் தெரியும் வாடகையை நம்பி வரவுசெலவு போடாதீர்கள். 100 டாலர் அறை என்றால் அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், இரண்டையும் கூட்டி அதன்மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம் (2025 ஜூலை முதல்). ஆக 129 டாலரை நெருங்கும். 2025 ஜனவரியிலிருந்து பசுமை வரி இரட்டிப்பாகிவிட்டது: சிறிய விருந்தினர் இல்லங்களில் தலைக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. நாலு பேர் மூன்று இரவு தங்கினால் இல்லத்தில் 72, ரிசார்ட்டில் 144 டாலர் இந்த ஒரு வரிக்கே. ஆகவே எட்டு இரவு இருந்தால் இலங்கைக்கு ஐந்து, மாலத்தீவுக்கு மூன்று என்று பிரிப்பேன். கடல் எத்தனை அழகாக இருந்தாலும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நாலாவது நாள் அந்தச் சின்னத் தீவில் நடக்கத் தெரு மிச்சமிருக்காது. பேசுவதற்குத் தமிழும், ஏறுவதற்கு மலையும், கும்பிடுவதற்குக் கோயிலும் இலங்கையில்தான்.

பெட்டி கட்டும்போது ஒன்று. செம்பூர் முருகன் கோயிலில் வாங்கிய சின்ன விக்கிரகமானாலும் மாலத்தீவுக்குள் கொண்டுபோக முடியாது. வழிபாட்டுச் சிலைகளுக்கு அங்கே சுங்கத் தடை உண்டு. கொழும்பு விமான நிலையத்தில் வாங்கிய மதுப் புட்டியையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யு.பி.ஐ. செல்லுபடியாகிறது, ஆனால் எல்லாக் கடையிலும் அல்ல. மாலத்தீவில் டாலர் நோட்டுகளும் கார்டும் போதும். டூர் பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்ட் டி.சி.எஸ். எனும் வரியைப் பிடிப்பார். பில்லில் பான் எண் சரியாக இருந்தால் வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மாலத்தீவு இந்தியர்களுக்குச் சுற்றுலா விசாவை வந்திறங்கியதும் இலவசமாகத் தருகிறது. இலங்கைக்கு இ.டி.ஏ. எனும் மின் அனுமதி. அதற்குக் கட்டணம் உண்டா இல்லையா என்பது சில ஆண்டுகளாக மாறி மாறி வருவதால், கிளம்பும் முன் இலங்கை அரசின் தளத்திலேயே பாருங்கள். தேடும்போது மேலே வருவதெல்லாம் அரசுத் தளம் அல்ல. மாலத்தீவுக்கு ‘ஐமுகா’ என்ற பயணி அறிவிப்பை விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.