வெள்ளைக்கரை இலைச்செடி: நந்தியாவட்டையா, அரளியா? வீட்டுத் தோட்டத்தில் பெயர் தெரியாத ஆபத்து!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் காம்பவுண்டு சுவர் ஓரம் இப்படி ஒரு செடியைப் பார்க்கலாம். பச்சை இலை, வேட்டிக்குக் கரை போட்டது மாதிரி ஓரத்தில் வெள்ளை. "இது என்ன செடிங்க?" என்று கேட்டால் வீட்டுக்காரம்மாவின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "குரோட்டன்ஸுங்க. நர்சரியில குடுத்தாங்க!"

இலையில் இரண்டு நிறம் இருந்தால் போதும், நம்மவர்களுக்கு அது குரோட்டன்ஸ். தாவரவியல்காரர்கள் கணக்கே வேறு. தோட்டத்துக் குரோட்டன்ஸுக்கு அவர்கள் வைத்த பெயர் கோடியேயம். குரோட்டன் என்ற பெயர், பேதிக்குப் பேர்போன நேர்வாளத்தின் இனத்துக்குச் சொந்தம்!

பெயர் மாறினால் என்ன குடியா முழுகிவிடும்? சில சமயம் முழுகும்.

வெள்ளைக்கரை இலையில் நந்தியாவட்டையும் உண்டு, அரளியும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். நந்தியாவட்டைப் பூ கண்ணுக்கு நல்லது என்று நாட்டு வைத்தியம் சொல்லும். அரளியோ இலை, பூ, பட்டை, வேர் அத்தனையும் விஷம். இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். காய்ந்தாலும் கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது.

கேரளாவில் ஓர் இளம்பெண் அரளி இலையைக் கடித்ததால் இறந்தார் என்ற செய்தி பரவியது. அதையடுத்து, சபரிமலையை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ கூடாது என்று உத்தரவு போட்டது.

கண்டுபிடிப்பது எப்படி?

கிள்ளி முகர்ந்து பார்க்கும் வேலையே வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும். கணுவைக் கவனியுங்கள். ஒரு கணுவில் எதிரும் புதிருமாக இரண்டிரண்டு இலை, அகலமாக, பளபளப்பாக இருந்தால் நந்தியாவட்டை. கத்தி மாதிரி நீண்டு ஒடுங்கிய இலை, ஒரே கணுவில் மூன்று மூன்றாகச் சுற்றி நின்றால் அரளி. சில கிளைகளில் மூன்று இரண்டாகவும் ஆகும். ஆகவே ஒரு கிளையை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. நிஜக் குரோட்டன்ஸில் இலைகள் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறும்.

சந்தேகம் தீரவில்லையா? பூக்கும் வரை பொறுங்கள். நந்தியாவட்டை வெள்ளை தவிர வேறு நிறம் பூக்காது. கிளை நுனியில் சிவப்போ ரோஸோ கொத்துக் கொத்தாக வந்தால் அரளிதான். வெள்ளை அரளியும் இருக்கிறதே என்பீர்கள். அங்கே மறுபடியும் இலைதான் சாட்சி.

குழந்தை இலையைக் கடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரி. கையோடு ஒரு கிளையும் போகட்டும். டாக்டருக்கு அதுதான் துப்பு.

அரளி என்று தெரிந்து வெட்டிப் போடுகிறவர்கள், கழித்த தழையைத் தெருவில் எறிய வேண்டாம். காய்ந்த அரளி இலையைத் தின்றாலும் ஆடு மாடுகள் சாகும்.