காற்றுவாயிற் சிந்திய பானம்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாண வீதிகளிலே தண்ணீர்ப் பந்தல்களுக்குக் குறைவில்லை. மோர்க்குவளையைக் கையில் ஏந்தியவாறே மோட்டார் வண்டியில் ஏறுவோர் பலர். கொழும்பிலிருந்து ஏ9 வீதி வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணஞ் செய்து வருவோரும் நெல்லிரசத்தையோ பால்தேநீரையோ வண்டிக்குள் இருந்தபடியே அருந்துகின்றனர். அப்பானம் குலுக்கத்தாற் சிந்திக் காற்று வெளிவரும் வாய்க்குள் இறங்கிவிட்டால், செய்ய வேண்டுவது யாது, செய்யத் தகாதது யாது என்பதை இன்று ஆராய்வோம்.

பழைய வண்டிகளில் இது பெரிய வினாவன்று. யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் போற்றிவந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலியவற்றிற் காற்று பெரும்பாலும் சாளரத்தின் வழியே வந்தது. சிந்திய பானம் காலடி விரிப்பில் விழுந்தது. துடைத்ததும் காரியம் முடிந்தது. இன்றைய வண்டியிலோ, முன்பலகையிலுள்ள காற்றுவாய்களின் பின்னே குழாய்கள் கிளைத்துச் சென்று ஒரு பெட்டியில் ஒன்றுகூடுகின்றன. அப்பெட்டிக்குள் குளிரூட்டியின் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. காற்றைத் தள்ளும் விசிறி, பெரும்பாலும் இடப்பக்க ஆசனத்தின் முன்னுள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் அமைந்திருக்கும். நடுவிலுள்ள காற்றுவாய்களை ஒட்டி வானொலியும் பல ஆளிகளும் மின்கம்பிகளும் நெருங்கியிருக்கின்றன.

வெறுந்தண்ணீர் சிறிதளவு சிந்தினால் அஞ்சுவதற்கு அதிகமில்லை. குளிரூட்டியின் தகடுகளிற் காற்றின் ஈரம் படிந்து நீராகிச் சொட்டுவது இயல்பே. அந்நீர் வெளியேறுதற்கென்றே பெட்டியின் அடியில் ஒரு வடிகுழாய் உண்டு. வண்டியின் கீழே நாம் காணும் நீர்த்துளிகள் அவ்வழியே வருவன. சிந்திய தண்ணீரும் அப்பெட்டியை அடைந்தால் அவ்வாறே வடிந்துவிடும்.

நமக்குப் பகையாவது தண்ணீரன்று. அதிற் கரைந்திருக்கும் பொருளே. சர்க்கரை காய்ந்ததும் பசையாகின்றது. சோளகக் காற்றுக் கிளப்பும் வலிகாமத்துச் செம்மண் புழுதி அப்பசையில் ஒட்டினால், காற்றைத் திருப்பும் சிறு இதழ்கள் அசையா. ஆளிகள் அழுத்தியபடியே நின்றுவிடும். எறும்பும் தேடி வரும். நெல்லிரசத்தின் புளிப்பும் மோரின் உப்பும் செம்பு முனைகளை அரிக்கும். மின்சாரம் பாயத்தகாத இடத்திற் பாயவும் வழிசெய்யும். பால் கலந்த பானமோ நமது வெயிலிற் சில மணி நேரத்திலேயே புளித்து, குளிரூட்டியை இயக்குந்தோறும் நாற்றம் வீசும்.

ஆகவே, பானம் சிந்தியவுடன் முதற்காரியமாக விசிறியை நிறுத்துக. பலர் இதற்கு நேர்மாறாக, ஈரம் உலரட்டும் என்று விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுகின்றனர். குழாயில் ஓரிடத்தில் நின்ற பானத்தைக் காற்று மெல்லிய படலமாக எங்கும் பரப்பி, அங்கேயே பசையாக உலர்த்திவிடுகின்றது. ஒரு துணியால் எடுத்திருக்கக் கூடியதைப் பின்னர் முன்பலகையையே கழற்றித்தான் எடுக்க வேண்டியதாகும்.

விசிறியை நிறுத்தியபின் வண்டியை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தையும் அணைத்துவிடுக. வாய்க்குள் எட்டிய மட்டும் உலர்ந்த துணியை விட்டு ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தலாகாது. பானம் ஆளிகளிலோ வானொலியிலோ இறங்கியிருப்பின், மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிடுதல் நன்று. அடுத்து, வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, பலமுறை துடைக்க வேண்டும். பாலாயின் நீரிற் சிறிது சவர்க்காரம் சேர்க்கலாம். நீரை உள்ளே ஊற்றுதல் கூடாது. பெற்றோல் கொண்டு கழுவுவதும் தவறு. சர்க்கரை பெற்றோலிற் கரைவதில்லை. அதன் ஆவியோ எளிதில் தீப்பற்றும்.

குடாநாட்டார் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்றுண்டு. நமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. கேத்திலின் அடியிற் படியும் வெண்மையை அறியாதார் யார்? அதே வெண்படிவு மின்முனைகளிலும் தங்கும். ஆதலால், இறுதித் துடைப்புக்கு மின்கலத்துக்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துக. பின்னர்க் கதவுகளைத் திறந்து நிழலில் நன்றாக உலரவிட்டு, அதன்மேலேயே மின்கலத்தை இணைத்து விசிறியை மெதுவாக இயக்கலாம். சில நாள் கழித்தும் நாற்றம் வீசினால், பானம் குளிரூட்டியின் தகடுகளை எட்டியது என்று கொள்ளலாம். அதனைக் கழுவுதல் தொழிலறிந்தாரின் வேலை. முன்பலகையினுள் மஞ்சள் நிற இணைப்பிகளைக் கண்டால் அவற்றைத் தொடலாகாது. விபத்தின்போது விரியும் காற்றுப்பைகளுக்கு உரியவை அவை.

இதுவரை கூறியது முன்னாசனத்தைப் பற்றியது. இதனினும் முக்கியமானது பின்னாசனம். ரொயோட்டா அக்குவா, பிரியஸ் போன்ற கலப்பின வண்டிகள் இன்று நம் வீதிகளில் நிறைய ஓடுகின்றன. அவற்றிற் பெரும்பாலானவற்றின் பின்னாசனத்தின் பக்கத்திலோ அடியிலோ கம்பி வலையிட்ட துவாரம் ஒன்றிருக்கும். அது காற்றை வெளியே தருவதன்று, உள்ளே இழுப்பது. வண்டியை ஓட்ட உதவும் பெரிய மின்கலம் சூடேறாதிருக்க, வண்டிக்குள்ளிருக்கும் காற்றையே அதன் விசிறி உறிஞ்சுகின்றது. சாதாரண மின்கலத்தின் அழுத்தம் 12 வோல்ற்று. முதல் தலைமுறை அக்குவாவின் பெரிய மின்கலம் 144 வோல்ற்று. மூன்றாந் தலைமுறைப் பிரியஸில் அது 201.6 வோல்ற்று. உயிருக்கே ஆபத்தான அழுத்தம் இது. பிள்ளைகள் அமர்ந்து சர்பத்து அருந்துவதோ அத்துவாரத்தின் அருகில்!

1990ஆம் ஆண்டின் பின் எரிபொருட்டடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள் நம்மவர்கள். எதையும் கழற்றித் தாமே திருத்தும் துணிவு அன்று நம்மைக் காத்தது. அத்துணிவை இத்துவாரத்தினிடம் காட்டலாகாது. அதனுட் பானம் போயின் வண்டியை நிறுத்தி, ‘ரெடி’ என்னும் விளக்கு அணைந்துவிட்டதா எனப் பார்க்க. இவ்வகை வண்டி ஓசையின்றி நின்றாலும் இயங்கும் நிலையில் இருக்கலாம். மேற்பரப்பில் தெரியும் ஈரத்தை மட்டும் ஒற்றி எடுக்க. நீர் தெளிக்க வேண்டா. மூடியைக் கழற்ற வேண்டா. செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொட வேண்டா. வண்டியை மீண்டும் இயக்காது, கலப்பின வண்டிகளிற் பயிற்சி பெற்றவரை அழைக்க. விசிறி பழுதாயின் மின்கலம் சூடேறி விரைவிற் கெடும். அதனை மாற்றும் செலவு சிறிதன்று.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. மூடியுள்ள போத்தலிற் பானத்தைக் கொண்டுசெல்க. காற்றுவாயிற் கொளுவும் குவளைத் தாங்கியை வாங்காது விடுக. குளிர்காற்றுப் படும் என்று வைக்கும் குவளை, கவிழும்போது நேரே குழாய்க்குள்ளேயே கவிழ்கின்றது. இன்றே உங்கள் வண்டியின் பின்னாசனத்தருகே அத்துவாரம் உள்ளதா எனத் தேடிப் பாருங்கள். இருப்பின், பிள்ளைகளுக்கும் அதனைக் காட்டி வையுங்கள்.