துருப்பிடித்த ஆணிக்கும் ஜாதகம் உண்டு, தெரியுமா?

மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பிரிட்டன் வயல்களில் நடப்பவர்களுக்கு மண் எதையெல்லாம் கொடுக்கிறது தெரியுமா? படியுங்கள், அசந்துபோவீர்கள்!

● ஓர் ஆணி தன் காலத்தைத் தானே சொல்லும்! நான்கு பக்கமும் நுனியை நோக்கிச் சிறுத்திருந்தால் கொல்லர் கையால் அடித்தது. இரண்டு பக்கம் மட்டும் சிறுத்திருந்தால் இயந்திரம் தகட்டிலிருந்து வெட்டியது. இது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. உருண்டைக் கம்பியாணி அதற்கும் பிந்தியது!

● ரோமானியப் படை ஸ்காட்லாந்தின் இஞ்ச்டுதில் கோட்டையைக் காலிசெய்தபோது, எதிரி கையில் இரும்பு சிக்கக் கூடாதென்று சுமார் 8.75 லட்சம் ஆணிகளைப் புதைத்துவிட்டுப் போனது! வெளிப்பக்க ஆணிகள் துருப்பிடித்து ஓடுபோல் இறுகியதால், உள்ளே இருந்தவை ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் தப்பின!

● பழைய கைப்பிடியிலோ பூட்டிலோ சாய்சதுர முத்திரை தெரிகிறதா? 1842க்கும் 1883க்கும் இடையே அதன் வடிவமைப்பு பிரிட்டனில் பதிவானது! மூலைகளில் உள்ள எழுத்துகளையும் எண்களையும் படித்தால் பதிவான நாளே கிடைத்துவிடும். உச்சியில் 'I' என்ற ரோமன் எண் இருந்தால், உலோகப் பொருள் என்று பொருள்!

● காசு என்று நினைத்து எடுப்பது சில சமயம் காசே அல்ல! ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் அடித்த 'ஜெட்டான்' அது. வணிகர்கள் கணக்குப் பலகையில் நகர்த்திக் கூட்டிக் கழித்த வில்லை!

● 1992இல் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸன் கிராமத்தில் தொலைந்த சுத்தியலைத் தேடப் போனவருக்கு, ஏறக்குறைய 15,000 ரோமானிய நாணயங்கள் கிடைத்தன! மிளகு தூவும் வெள்ளிக் குப்பிகூட இருந்தது. அவர் முழுவதையும் தோண்டிவிடாமல் தகவல் சொன்னதுதான் பெரிய காரியம். மரப்பெட்டி மக்கிப்போயிருந்தும், கீல்களும் குட்டிப் பூட்டுகளும் கிடந்த இடத்தை வைத்தே, பெட்டிக்குள் எது எங்கே இருந்தது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில்!

பழைய இரும்பு கிடைத்தால் உடனே தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். துருவோடு முத்திரையும் போய்விடும். கிடைத்த இடத்தைக் குறித்துவையுங்கள். ஒரு கீலின் வரலாற்றில் பாதி, அது கிடந்த மண்ணில்தான் இருக்கிறது!