உங்களுக்குத் தெரியுமா? ஸ்கேன் கோப்புக்குள் உங்கள் பெயர்!

சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் ‘டைகாம்’ என்ற கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. நோயாளியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் படத்தோடு அதே கோப்புக்குள் இருக்கும். ஆய்வுக்கோ பாடம் நடத்தவோ வெளியே கொடுக்கும் முன் அவற்றை நீக்கியாக வேண்டும்.

அதற்கு உதவும் ‘ஆர்த்தங்க்’ சர்வர், பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் செபாஸ்டியன் ஜோடோன் உருவாக்கி, 2012-இல் வெளியான கட்டற்ற மென்பொருள். சாதாரணக் கணினியே போதும், உரிமக் கட்டணமும் கிடையாது. எழுத்தாளர் டோல்கீனின் கதையில் மாயப் பளிங்கு உருண்டை இருக்கும் கோபுரத்தின் பெயரை இதற்குச் சூட்டியிருக்கிறார்கள் (ரசனைக்காரர்கள்தான்!). கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2014 விருது ஜோடோனுக்குக் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை: அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்தின் மேலேயே எழுத்தாகப் பதிந்திருக்கலாம். கோப்பு விவரங்களை நீக்கினாலும் அது போகாது. தனியாக அழிக்க வேண்டும்.